உலகம்மைக்கு வந்த குரல்

பாடகர் மதிவாணன் காலமான மறு வருஷம் புன்னையடி பாத்திரக்கடை குற்றாலிங்கம் அவருக்காக ஒரு நினைவாஞ்சலிக் கச்சேரி நடத்தினார் என்பதும், அந்தக் கச்சேரிக்கு மதிவாணனின் குரலே நேரில் வந்தது என்பதும், வந்த குரல் அதற்காகத் தவம் கிடந்த குற்றாலிங்கத்தைத் தாண்டிப் போய், மதிவாணன் பாட்டென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அவர் மனைவி உலகம்மையின் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது என்பதும் தென்காசிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய சங்கதிதான். பஸ் நிற்கிற நேரத்தைப் பொறுத்துக் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். நமக்கு ஒன்றும் பஸ் பிடிக்கிற அவசரம் இல்லாததால் நடந்தது நடந்தபடி பார்ப்போம்.

குற்றாலிங்கம் பத்தொன்பது வயதில் ஒரு கோயில் கொடை விழாவில், பனைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் 'மழைக்கு முன்னே வந்தவளே' என்ற மதிவாணன் பாட்டைக் கேட்டார். கேட்ட இடத்திலேயே தன்னுடைய சொந்தக் குரலைக் கழற்றி வைத்தவர்தான், அதைத் திரும்ப எடுத்து மாட்டவே இல்லை. அன்றையிலிருந்து அவர் பேசியது, இருமியது, எதிர்வீட்டு ஆட்டை விரட்டியது எல்லாமே மதிவாணன் குரலில்தான், அல்லது அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிற ஒரு குரலில்தான். எவர்சில்வர் தூக்குவாளிக்கு விலை சொன்னாலும் காதலி கைவிட்டுப் போன மாதிரி அடித்தொண்டையில் இழுத்துச் சொல்லுவார். மூடி வாங்க வந்த பெண்கள் மனம் இளகி இட்லிக் கொப்பரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் அவருக்குப் புன்னையடி மதிவாணன் என்றே பேர். மதிவாணன் ரசிகர் பேரவைக்குத் தலைவரும் அவர்தான், செயலாளரும் அவர்தான், கூட்டத்துக்குப் பெஞ்சு தூக்கிப் போடுகிறவரும் அவர்தான்.

உலகம்மை சுரண்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த அன்றைக்கே, "எனக்கு ஆதிகேசவன் பாட்டுன்னா உசுரு" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். ஆதிகேசவன் மதிவாணனுக்கு நேர் எதிரி. ஒருவர் அழ வைத்தால் இன்னொருவர் ஆட வைப்பார். தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்துகொண்ட பெண்ணைப் போலக் குற்றாலிங்கம் முழித்தார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அந்த வீட்டு ரேடியோவுக்கும் டேப்புக்கும் கட்சி மாறத் தைரியம் வரவில்லை.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. கல்யாண மண்டபத்தை சாயங்காலத்துக்கு வேறொரு கல்யாண வரவேற்புக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். பத்து மணிக்குப் பாட்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தாலும் நம் ஊர் வழக்கப்படி வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர் உரை, முன்னிலை வகிக்காமல் முன்னால் உட்கார்ந்திருந்தவர் உரை எல்லாம் முடிந்து, போர்த்தினவர்கள் போர்த்தப்பட்டவர்களையும் போர்த்தப்பட்டவர்கள் போர்த்தினவர்களையும் பொன்னாடையால் மூடித் தீர்ப்பதற்குள் வாத்தியக்காரர்களில் தபேலாக்காரர் தபேலா மேலேயே தலைவைத்துத் தூங்கிப்போனார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசம் வர ஆரம்பித்த பிறகுதான் குற்றாலிங்கம் மைக்குக்கு வந்தார். வெள்ளை சபாரி, கறுப்புக் கண்ணாடி, இடது தோளில் மடித்த சால்வை, எல்லாம் மதிவாணன் போலவே. கண்ணை மூடி, வாயைத் திறந்தார்.

ஒரு மெல்லிய குரல் வந்தது. மூக்கால் வருகிற, கொஞ்சம் கோழிக்குஞ்சுத்தனமான குரல். யார் பாடுவது என்று குற்றாலிங்கமே திரும்பிப் பார்த்தார். அவருடைய பத்தொன்பது வயதுக் குரல்தான் அது. கழற்றி வைத்த இடத்தில் வளராமல் அப்படியே கிடந்திருக்கிறது.

அதே நேரத்தில் நாலாவது வரிசையிலிருந்து மதிவாணன் சொன்னார்: "யக்கா, ஒங்க கூடையக் கொஞ்சம் எடுத்து மடியில வச்சுக்கிடுங்க. கால் நீட்ட முடியல."

மண்டபம் மொத்தமும் திரும்பியது. உலகம்மை கையில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். "என்னது, எல்லாரும் என்னப் பாக்குதிய?" என்று கேட்டாள், அந்த ஆழம், அந்த நெகிழ்வு, 'பாக்குதிய'வின் கடைசியில் அந்தப் பிசிறு, எல்லாம் அச்சு அசல். தபேலாக்காரர் எழுந்துவிட்டார். பேரவைக்காரர்கள் கதறிக்கொண்டு ஓடிவந்து அவள் காலில் விழுந்தார்கள், முன்னிலை வகித்தவர் தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார், யாரோ சூடம் கொளுத்தினார்கள். உலகம்மை தன் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு இந்தச் சனியன்?" என்றாள். அதைக் கேட்டும் நாலு பேர் அழுதார்கள்.

அற்புதம் என்பது புது மாப்பிள்ளை மாதிரி. மூன்று நாளைக்குத்தான் விருந்து, அப்புறம் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் புன்னையடியும் உலகம்மையின் குரலைத் தன் சோலிகளுக்கு நடுவில் ஓர் ஓரமாக இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டது. கோயில்காரர்கள் வந்து, 'செருப்பை வெளியில் விடவும்' என்று ஒரு தடவை சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார்கள், அதைக் கேட்ட பக்தர்கள் மனம் கரைந்து செருப்பைத் திரும்ப எடுக்காமலே வீட்டுக்குப் போனார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று பேர் வாங்கியிருந்த தண்ணீர் திறந்துவிடுகிற ஆள், உலகம்மை போனில், "தம்பி, எங்க தெருவுக்கு இன்னும் தண்ணி வரல" என்று சொன்னதும் விம்மி விம்மித் திறந்துவிட்டான், முடுக்கெல்லாம் வெள்ளம் ஓடியது. அவள் வாசலில் நின்று, "சாப்பிட வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் கை கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள். ரேஷன் கடையில் மட்டும் அவள் ஆண்கள் வரிசையில் நிற்பதா பெண்கள் வரிசையில் நிற்பதா என்று கொஞ்சநாள் தகராறு இருந்தது. நிற்பது பெண்கள் வரிசையில் என்றும், சீனி இருக்கிறதா என்று கேட்பது மட்டும் ஆண்கள் வரிசையிலிருந்து என்றும் பேசி முடித்தார்கள்.

குரல் ஏன் அவளிடம் போனது என்பதற்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எல்லா அளவிலும் மூடி விற்கிற குற்றாலிங்கம் கடையிலேயே கிடையாது. குற்றாலிங்கத்தின் தொண்டையில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் குரல் பக்கத்து வீட்டில் தங்கிவிட்டது என்று சலூன்காரர் சொன்னதைத்தான் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள்.

பெரிய கலவரம் வந்தது உலகம்மை பாத்திரம் தேய்க்கும்போது பாடியதால்தான். குரல் மதிவாணன் குரலாக இருந்தாலும் நாக்கு அவளுடையதுதானே. அது தனக்குப் பழகிய ஆதிகேசவன் பாட்டைத்தான் பாடியது. 'மொச்சக்கொட்ட மயிலு' என்ற குத்துப்பாட்டை மதிவாணன் பாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் போய் மத்தாப்புக் கொளுத்தின மாதிரி இருந்தது. பேரவைக்காரர்கள் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்து, எங்கள் தெய்வத்தின் வாயில் இந்தப் பாட்டா என்றார்கள். சுரண்டையிலிருந்து ஆதிகேசவன் ரசிகர்கள் வேன் பிடித்து வந்து, எங்கள் பாட்டுக்கு இந்த ஒப்பாரிக் குரலா என்றார்கள். "ரெண்டு பேரும் உக்காருங்க, காப்பி போட்டுத் தாரேன்" என்றாள் உலகம்மை. அந்தக் குரலில் காப்பி என்று கேட்டதும் ரெண்டு கட்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் துண்டில் மற்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

குற்றாலிங்கத்தின் கதை வேறு. முதலில் அவருக்குப் பொறாமை, ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள், "கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று மதிவாணன் கேட்டதும் பொறாமை எல்லாம் அந்த ரசத்திலேயே கரைந்துபோனது. ஆயுசு முழுக்க எந்தக் குரலுக்காக உருகினாரோ அந்தக் குரல் அவர் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு உப்புப் போதுமா என்று விசாரிக்கிறது. கொடுப்பினைதான். கடைக்கு லேட்டாகப் போனார், சீக்கிரம் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டார்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று ஒருநாள் உலகம்மை கேட்டாள்.

"ரசம் ஊத்தவான்னு கேட்ட" என்றார் தன் கோழிக்குஞ்சுக் குரலில்.

"அது போன வாரம். இப்ப கேஸ் தீந்துபோச்சுன்னு சொன்னேன்."

அவர் மட்டுமில்லை, யாருமே அப்படித்தான் இருந்தார்கள். கடைவாய்ப்பல் குடைகிறது என்று அவள் பல் டாக்டரிடம் போனாள். எங்கே வலி, எப்போதிருந்து வலி, ராத்திரி எப்படித் துடிக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார், நர்ஸ் போனில் பதிவு செய்தாள், வெளியில் காத்திருந்தவர்கள் தங்கள் வலியை மறந்து உள்ளே வந்து நின்றார்கள். "அந்தத் துடிக்கிற எடத்த இன்னொருக்கச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். உலகம்மை வீங்கின கன்னத்தோடு அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோது அந்த அழுகையும் பாட்டாகவே கேட்டது, ஜன்னலுக்கு வெளியே ஆள் கூடிவிட்டது.

அந்த வாரந்தான் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் செண்பகம் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, எனக்கு அம்மா வேணும்."

"இந்தா, பக்கத்துலதான இருக்கா."

"அது மதிவாணன்ப்பா. எனக்குக் காய்ச்சல் வந்தா அம்மா ஏசுவால்லா, மழையில நனையாதன்னா கேக்கியான்னு. அந்தக் கொரல் கேக்கணும்ப்பா. ஒங்க போன்ல எதுவும் இருந்தா அனுப்புங்க."

குற்றாலிங்கம் போனைத் துழாவினார். உலகம்மை வருஷக்கணக்காகக் கடைக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எத்தனையோ உண்டு. கொத்தமல்லி வாங்கி வாங்க, சீக்கிரம் வாங்க, தலைவலி மாத்திரை வாங்கி வாங்க. ஒவ்வொன்றையும் அவர் அன்றன்றைக்கே அழித்திருந்தார், மதிவாணன் பாட்டு ஏற்றுவதற்கு இடம் பத்தவில்லை என்று. சரி, வீடியோ இருக்கிறதே என்று கல்யாண வீடியோவைப் போட்டார். மணவறையில் இருபத்தொரு வயது உலகம்மை தோழியிடம் எதையோ சொல்லிச் சிரிக்கிறாள், வாய் அசைகிறது, மதிவாணன் பாடுகிறார். மகளுக்குக் காது குத்தின வீடியோவைப் போட்டார், மதிவாணன். சடங்கு வீடியோ, மதிவாணன். வீடு பால்காய்ச்சின வீடியோவில் உலகம்மை நேராகக் கேமராவைப் பார்த்து இவரிடம் என்னவோ சொல்லுகிறாள், கையை நீட்டி நீட்டிச் சொல்லுகிறாள், மதிவாணன் சரணம் எடுக்கிறார்.

வீடியோ எடுத்த சடாச்சரத்தின் ஸ்டூடியோவுக்கு ஓடினார். "சடாச்சரம், பாட்டு ஏத்துறதுக்கு முன்னால உள்ளது இருக்குமா? பேச்சுச் சத்தத்தோட?"

"எப்படி அண்ணாச்சி இருக்கும்? எல்லாரும் பாட்டு ஏத்துங்கன்னு பொதுவா சொல்லுவாங்க, நீங்கதான பக்கத்துலயே உக்காந்து, ஒரு பேச்சுச் சத்தம் கேக்கக்கூடாது, பூரா அவருதான் வரணும்னு நின்னிய."

வீட்டுக்கு வருகிற வழியில் குற்றாலிங்கம் தன் பெண்டாட்டியின் குரலை நினைத்துப் பார்க்க முயற்சி செய்தார். மதிவாணன் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று அவருக்குத் தெரியும். உலகம்மையின் குரல் தடிப்பா மெல்லிசா என்றுகூட ஞாபகம் வரவில்லை. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுடைய குரலைத் தொலைத்துவிட்டோம், அதுவும் தொலைந்ததே தெரியாமல் தொலைத்துவிட்டோம் என்று நினைத்ததும் அவருக்கு நடுரோட்டில் அழுகை வந்துவிட்டது. அந்தக் குரல் திரும்ப வேண்டும், ஒரே ஒரு தடவை கேட்டால்கூடப் போதும் என்று இருந்தது.

"ஏளா, ஒன் கொரல் எப்படி இருக்கும்?" என்று அவளிடமே கேட்டார்.

உலகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்கிட்ட கேட்டா? நீங்கல்லா பக்கத்துல இருந்திய."

இப்படியே அடுத்த வருஷ நினைவாஞ்சலி வந்தது. பேரவை முழுக்க வந்து நின்று, மதினி மேடையேறித்தான் ஆக வேண்டும் என்றது. உலகம்மை யோசித்துவிட்டு, "பாட மாட்டேன். பேசுவேன். நான் முடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றாள். குரல் வந்தால் போதும், பேச்சானால் என்ன, பாட்டானால் என்ன என்று சம்மதித்துவிட்டார்கள். அதே மண்டபம், அதே ஞாயிற்றுக்கிழமைக் காலை. வாசற்படியில், ஜன்னலில், சாப்பாட்டுப் பந்தி பெஞ்சுகளில் எல்லாம் ஜனம். வேறு யாரையும் பேச விட்டால் கூட்டம் அடிக்கும் என்று பயந்து உரைகளையெல்லாம் ரத்து செய்ததால் கச்சேரி பத்து மணிக்கே தொடங்கியது. புன்னையடியில் அதைத்தான் ரெண்டாவது அற்புதம் என்று சொல்கிறார்கள்.

உலகம்மை மைக்கைப் பிடித்தாள். "எல்லாருக்கும் வணக்கம். நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேண்டியதக் கொஞ்சம் சொல்லிக்கிடுதேன்" என்றாள். ஆகா என்றது கூட்டம்.

"கல்யாணமான புதுசுல எனக்கு நீச்சல் தெரியும்னு சொன்னேன். நீங்க கேக்கல. அதுக்கப்புறம் குத்தாலத்துக்குப் போகும்போதெல்லாம், இவளுக்குத் தண்ணின்னா பயம்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்திய." வாத்தியக்காரர்கள் மெதுவாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள், புல்லாங்குழல் அவள் சொன்னதையே எடுத்து ஒரு சுற்று சுற்றிக் கொடுத்தது. "எங்க அம்மா செத்த அன்னைக்குக் கார்ல ஊருக்குப் போறோம். நான் அம்மா அம்மான்னு அழுதுட்டு இருக்கேன். நீங்க சத்தத்தக் கூட்டி வச்சிய." அடடா, அடடா என்று முன்வரிசை தலையில் அடித்துக்கொண்டு ரசித்தது, 'ஒன்ஸ் மோர்' என்று பின்னாலிருந்து கத்தினார்கள். "எனக்குக் கத்திரிக்கா ஆகாது. ஒடம்பு தடிக்கும். சொல்லிருக்கேன். வாரா வாரம் கத்திரிக்காதான் வாங்கிட்டு வாரிய." ஒருவர் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

குற்றாலிங்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்தில் அவர் தலையும் பழக்கதோஷத்தில் ஆடத்தான் செய்தது. நீச்சல் என்ற சொல் சோற்றில் கல் மாதிரி பல்லில் பட்டதும் தலை நின்றது. அதற்குப் பிறகு ராகம் காதில் விழவில்லை, சொல்தான் விழுந்தது. கத்திரிக்காய் வரும்போது அவர் குனிந்துவிட்டார். அத்தனை ஜனத்தில் அவள் சொல்வது புரிந்து உட்கார்ந்திருந்தது அவர் ஒருத்தர்தான்.

"அப்புறம், எங்க அக்கா வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தோம். அன்னைக்குப் பந்தியில..." என்று உலகம்மை எடுத்தாள். எடுத்தது மதிவாணன், 'பந்தியில' என்று முடித்தது வேறு யாரோ. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அவசரம், கடைசியில் லேசாக மேலே ஏறி நிற்கிற குரல்.

"மைக்கப் பாருப்பா" என்று யாரோ கத்தினார்கள். மைக்கில் ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அதே நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே, ரோட்டில், மதிவாணன் தேனாக உருகிக்கொண்டு போனார்: "பழைய இரும்பு, பித்தளை, ஈயம், பிளாஸ்டிக்கு... பேரீச்சம்பழம்..."

தள்ளுவண்டிக்காரன் ஒருத்தன். அவனே பயந்துபோய் வண்டியை வேகமாகத் தள்ள ஆரம்பித்துவிட்டான். கூட்டம் எழுந்தது, நாற்காலிகள் சரிந்தன, பேரவைக்காரர்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள், பொன்னாடையோடு ஒருவர் ஓடினார், புல்லாங்குழல்காரர் குழலோடு ஓடினார், வீட்டில் இருக்கிற இரும்பையெல்லாம் கொண்டு வாங்கடா என்று தெருவில் குரல் கேட்டது. "அண்ணாச்சி, வாங்க, தெய்வம் ரோட்டுல போகுது" என்று குற்றாலிங்கத்தின் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவரும் எழுந்துவிட்டார். இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பியது. வெளியே மதிவாணன் பேரீச்சம்பழத்தை அவர் இதுவரை கேட்டிராத ஒரு சங்கதி போட்டு இழுத்தார்.

"நீங்களும் போறியளா?" என்று மேடையிலிருந்து உலகம்மை கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். இதுதான் என்று தெரிந்துவிட்டது. இந்தக் குரல்தான், பெண் பார்க்கப் போன அன்றைக்கு உள்ளே இருந்து, "இன்னும் காப்பி வேணுமான்னு கேளுங்க" என்று சொன்ன குரல். கையைப் பிடித்து இழுத்தவர்களிடமிருந்து கையை உருவிக்கொண்டு, சரிந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. தெருவில் குரல் தூரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"நீ சொல்லு" என்றார்.

கூட்டம் ஓடிய சந்தடியில் உலகம்மைக்கே மறந்துவிட்டது. "எதுல விட்டேன்?" என்று கேட்டாள்.

"ஒங்க அக்கா வீட்டுப் பால்காய்ப்பு" என்றார் குற்றாலிங்கம் தன் மெல்லிய குரலில். "பந்தியில."

"ஆமா, பந்தியில" என்று உலகம்மை மைக்கை அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மேடை விளிம்பில் வந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, மேலே சொல்ல ஆரம்பித்தாள்.